கயிறு பிடித்த முதலாளி

தென்காசிப் பக்கத்தில் மரம் வெட்ட நல்ல ஆள் வேண்டும் என்று கேட்டால், முத்தரசியைத்தான் கைகாட்டுவார்கள். முப்பத்தைந்து வயசு இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தோளில் கயிறு, முதுகில் ரம்பம். ஓட்டின்மேல் சாய்ந்த மரக்கொப்பானாலும் சரி, கரண்டு கம்பியில் உரசுகிற தென்னையானாலும் சரி, கீழே ஒரு ஓடு உடையாமல் இறக்கிவிடுவாள்.

அவளுக்கு ஒரு சிஷ்யன். பெயர் தங்கப்பழம். வயசில் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு மூத்தவர். சாப்பாட்டுக் கடை ஒன்றில் ரொம்ப வருஷம் சப்ளையராக இருந்தார். கடையை மூடிவிட்டார்கள். ‘சின்ன வயசுல ஏறாத மாமரம் இல்ல’ என்று சொல்லிக்கொண்டு முத்தரசியிடம் வந்து சேர்ந்தார்.

ஊரில் கேலி பண்ணத்தான் செய்தார்கள்.

“என்னவே, பொம்பளைகிட்ட பாடம் படிக்கீராமே?”

“ஏறுறது ஆம்பிளையா பொம்பளையான்னு மரம் கேக்கலையே வே” என்பார்.

அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

தொழில் அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. முடிச்சுப் போடுவது, எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் விழும் என்பது, எல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று. கீழே நிற்கிற வீட்டுக்காரரைச் சமாளிப்பது.

‘தம்பி, சாம்பார்’ என்றதும் திரும்பிப் பழகின கழுத்து அது. மரத்துமேலே இருந்தாலும் அப்படியே திரும்பும். ஒரு வீட்டில் ஒரு அம்மா முருங்கைக் கொப்பை வெட்டச் சொன்னாள். வெட்டினார். “ஐயோ, அதுல பிஞ்சு இருந்துச்சே, திருப்பி ஒட்ட முடியுமா தம்பி?” என்றாள். தங்கப்பழம் கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் வைத்துக் கேட்டார்.

“மேஸ்திரி, இந்த மாதிரி ஆளுங்ககிட்ட என்னதான் சொல்லுறது?”

முத்தரசி டீயை ஊதினாள்.

“தரையில வெச்சுச் சொன்னா உங்களுக்கு ஏறாது அண்ணாச்சி.”

“பொறவு?”

“மேல இருக்கும்போது கேளுங்க. சொல்லுதேன்.”

அவர் சிரித்துக்கொண்டு அதை அப்படியே விட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் அவருக்கே ஒரு வேலை வந்தது. அவரே பேசி, அவரே ஒத்துக்கொண்ட முதல் வேலை. கல்யாண மண்டபம் வைத்திருக்கிற கோமதிநாயகம் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வெள்ளை வேட்டி, ஜரிகைக் கரை, சட்டைப் பையில் போன். மண்டபத்து வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. அதன் கொப்புகள் மண்டபத்தின் பெயர்ப் பலகையை மறைத்தன.

“தை பொறந்தா முகூர்த்தம். பஸ்ஸுல போறவன் என் போர்டைப் பாக்கணும். மறைக்கிற ரெண்டு கொப்பையும் எடுத்துரு. அம்புட்டுதான்.”

“சரிங்க முதலாளி.”

“என் மச்சினனுக்கு ரெண்டு மண்டபம் இருக்கு. அங்கயும் மரம் இருக்கு. இது எனக்குப் பிடிச்சுதுன்னா அதுவும் உனக்குத்தான்.”

தங்கப்பழம் ஓட்டமாக வந்து முத்தரசியிடம் சொன்னார். அவள் சொன்னாள்:

“நீங்க பேசின வேலை. நீங்களே ஏறுங்க. நான் கயிறு பிடிக்கேன். இதை நல்லபடியா முடிச்சுட்டீங்கன்னா தையில இருந்து தனியாவே தொழில் பண்ணலாம். நானும் நாலு பேருகிட்ட சொல்லிவிடுதேன்.”

அவருக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

காலையில் இரண்டு பேரும் மரத்தைச் சுற்றி வந்தார்கள். வெட்டச் சொன்ன இரண்டுக்கும் மேலே போகிற வேறொரு கொப்பு மரத்திலிருந்து பிரிகிற கவட்டில் காளான் பூத்திருந்தது. முத்தரசி பாதி தூரம் ஏறி அரிவாளின் பின்புறத்தால் அந்தக் கொப்பைத் தட்டினாள். வெறும் டப்பாவைத் தட்டின மாதிரிக் கேட்டது.

“கேட்டுச்சா?”

“உள்ள பொக்கு, மேஸ்திரி.”

“இதுல கால் வெக்கப் படாது.”

“வெக்க மாட்டேன்.”

கயிற்றை உயரத்தில் ஒரு நல்ல கவட்டின் வழியாகப் போட்டார்கள். ஒரு முனை தங்கப்பழத்தின் இடுப்பில். மறுமுனை கீழே வந்து, மரத்தடியை ஒரு சுற்றுச் சுற்றி, முத்தரசியின் கையில். ஆள் வழுக்கினால் அந்தக் கயிறுதான் பிடிக்கும்.

அவர் ஏறுகிறதற்கு முன்னால் அவள் எப்போதும் சொல்கிறதையே சொன்னாள். முதல் நாளிலிருந்து சொல்லி வருகிற பேச்சு அது.

“ஆள் மேல போயாச்சுன்னா கீழ ஒரே குரல்தான். கயிறு பிடிக்கிற ஆளோட குரல். வேற எந்தக் குரலும் காதுல விழப்படாது.”

“தெரியாதா மேஸ்திரி.”

ஏறினார். முதல் கொப்பு பதமாக இறங்கியது. இரண்டாவது கொப்பும் இறங்கியது. பலகையில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கோமதிநாயகம் ரோட்டுக்குப் போய், பஸ் போகிற பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷனுக்கு ஆசை கிளம்பிவிட்டது.

“ஏய், அப்படியே அந்த உச்சிக் கொப்பையும் எடுத்துரு. மரம் மொட்டையா நின்னாத்தான் மண்டபம் பெருசாத் தெரியும்.”

உச்சிக் கொப்புக்குப் போக வேண்டுமென்றால் பொக்குக் கொப்பில் கால் வைத்துத்தான் போக வேண்டும். தங்கப்பழம் கீழே பார்த்தார்.

“அது பேசினதுல இல்ல அண்ணாச்சி. இறங்குங்க” என்றாள் முத்தரசி.

“நீ சும்மா இரும்மா. நான் பேசினது அவன்கிட்ட. ஏய், என்ன முழிக்க? நான் சொன்னது கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு முதலாளி.”

“போகாதீங்க அண்ணாச்சி. அது பொக்கு” என்றாள் அவள்.

“நான் டவுசர் போட்ட காலத்துல இருந்து பாக்குற மரம். அதுல ஆனையே ஏறலாம். மச்சினன் மண்டபம் வேணுமா வேண்டாமா உனக்கு?”

 தங்கப்பழத்தின் வாயிலிருந்து அந்தப் பழைய சொல் வந்தது. எத்தனையோ ஆயிரம் சாப்பாட்டு இலைக்கு நடுவே சொன்ன சொல்.

“இந்தா வந்துட்டேன்.”

காலை எடுத்துப் பொக்குக் கொப்பில் வைத்தார்.

அடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். கொப்பு ஒரு விரற்கடை தணிந்தது. அப்படியே நின்றுவிட்டார். மேலே இருந்த ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டார். அது காற்றைப் பிடித்த மாதிரிதான் இருந்தது.

கீழே முத்தரசி கத்தவில்லை.

“முதலாளி, இங்க கொஞ்சம் வாங்க.”

“என்ன?”

“இந்தக் கயித்தைப் பிடிங்க.”

“நான் எதுக்கும்மா பிடிக்கணும்?”

“மேல நிக்கவரு இப்போ உங்க குரலுக்குத்தான் நடக்காரு. எங்க தொழில்ல, குரல் யாருதோ கயிறும் அவங்க கையிலதான் இருக்கணும்.”

கோமதிநாயகம் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றை வாங்கினார். “இதுல என்ன பெரிய வித்தை” என்றார்.

மேலே கொப்பு இன்னும் கொஞ்சம் தணிந்தது. கயிறு விண்ணென்று இழுத்தது. முதலாளி ஒரு எட்டு முன்னால் போய்விட்டார். செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. சிரிப்பைக் காணோம்.

“எம்மா, இதுல அவனோட பாரம் இருக்கா?”

“ஆமா.”

“நான் விட்டுட்டா?”

“விடாதீங்க.”

தங்கப்பழம் அப்போதுதான் கீழே பார்த்தார். இலைகளின் சந்து வழியாக, தன் கயிறு ஜரிகைக் கரை வேட்டியின் கையில் இருப்பது தெரிந்தது. 

“மேஸ்திரி” என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

“மேஸ்திரி, இப்போ கேக்குதேன். என்ன சொல்லுறது?”

கயிறு பிடிக்கிற ஆளின் குரல்தான் வர வேண்டும்; அந்த ஆள் இப்போது முத்தரசி இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் சட்டைப் பையில் போன் அடித்தது. கல்யாணப் பாட்டு. அவர் குனிந்து பையைப் பார்த்தார். பழக்கதோஷம், ஒரு கை கயிற்றை விட்டு நெஞ்சுப் பக்கம் போனது.

“முதலாளி.”

தங்கப்பழத்தின் குரல்தான். ஆனால் அவருக்கே அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“அந்தப் போனைத் தொடாதீங்க.”

கை அந்தரத்தில் நின்றது.

“முகூர்த்தக்காரங்களா இருக்கும் தம்பி…”

“யாரா வேணாலும் இருக்கட்டும். ரெண்டு கையும் கயித்துல இருக்கணும். வாய் பேசப்படாது. நான் சொல்லும்போது இழுங்க, நான் சொல்லும்போது விடுங்க. கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு அண்ணாச்சி” என்றார் கோமதிநாயகம்.

தம்பி எப்போது அண்ணாச்சி ஆனார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“வலது காலை எடுக்கப் போறேன். இப்போ இழுங்க. ம். நிறுத்துங்க. தாய்க்கொப்புக்கு வந்துட்டேன். இனி மெள்ள விடுங்க. மெள்ளன்னு சொன்னேன்.”

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

தரையில் கால் பட்டதும் தங்கப்பழம் முதலில் பார்த்தது முத்தரசியைத்தான். கயிற்றின் வால் முதலாளிக்குப் பின்னால் போய், அவள் இடுப்பைச் சுற்றி, அவள் இரண்டு கையிலும் இருந்தது; முதலாளி விட விட அவளும் விட்டிருக்கிறாள். இரண்டு காலையும் வேரில் ஊன்றி, பின்பக்கம் சாய்ந்து, அவள் மொத்த உடம்பும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி திரும்பியே பார்க்காததால் அது அவருக்குத் தெரியாது.

அவள் இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றினாள்.

கோமதிநாயகத்துக்கு மூச்சு வந்தது. மூச்சுக்குப் பின்னாலேயே பழைய குரலும் வந்தது.

“என்னய்யா வேலை பாக்குதீங்க? உச்சிக் கொப்பு அப்படியே நிக்குது.”

“நிக்கட்டும்” என்றார் தங்கப்பழம்.

“நிக்கட்டுமா? நான் சொன்ன வேலை?”

“நீங்க பேசின வேலை முடிஞ்சுது. போர்டு தெரியுது.”

“அப்போ மச்சினன் மண்டபம் ரெண்டையும் மறந்துரு.”

தங்கப்பழத்தின் கழுத்து பழக்கத்தில் லேசாகத் திரும்பப் பார்த்தது. பிறகு நின்றுவிட்டது.

“மறந்தாச்சு.”

“உன்னை விட்டா ஆள் இல்லையா? நாளைக்கே வேற ஒருத்தனை ஏத்துதேன் பாரு.”

“தாராளமா ஏத்துங்க. கயிறு பிடிக்க நீங்களே வந்து நில்லுங்க.”

கோமதிநாயகம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு ஓடின இடம் சிவந்து கிடந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.  கழன்ற செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

சாமானைக் கட்டி வண்டியில் வைத்தார்கள். தங்கப்பழம் வண்டியை ஓட்டினார். முத்தரசி கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.  குளத்தங்கரை வந்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். சாவியை வெடுக்கென்று பிடுங்கினார். கோபத்தில்தான்.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“வால் உங்க இடுப்புல இருந்துச்சு. கீழ வந்த பொறவுதான் அது எனக்குத் தெரியும். மேல நிக்கும்போது தெரியாது.”

“தெரியாதுதான்.”

“கயிறுன்னா என்னன்னே தெரியாத ஆளு. போனைப் பாத்ததும் கையை விடுத மனுஷன். எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு. என் உசிரைக் கொண்டுபோய் அவர் கையில குடுத்துட்டீங்களே.”

முத்தரசி மடியில் கிடந்த கயிற்றைச் சுருட்டி முடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

“உசிரை நான் குடுக்கல அண்ணாச்சி. அவர் சொன்னாருன்னு அந்தக் கொப்புல கால் வெச்சீங்களே, அப்பமே நீங்க குடுத்தாச்சு. நான் குடுத்தது கயிறு மட்டும்தான்.”