சீட்டுப் போட்டவருக்கு ஒரு சோழி

"சாமி, சீட்டுப் போடுதவருக்கு இனாம் கொடுக்கது குத்தமா?"

அம்பலவாணன் வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

சாமி நிமிரவில்லை. குருபூஜை அழைப்பிதழ் ஐநூறு அச்சாகி வந்திருந்தது. அந்தக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கொடுத்தீங்க, இஞ்சினியரே?"

"சம்பந்தி வீட்ல."

"சம்பந்தி ஆயாச்சா?"

"ஆகல சாமி. ஆகாது போலிருக்கு. அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

சாமி இப்போதுதான் நிமிர்ந்தார்.

அம்பலவாணன் முப்பது வருஷம் கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வீடு கட்டிய நாளிலிருந்து இந்த மடத்துக்கு வந்து போகிறார். சாமி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். காவி கட்டுவதற்கு முன்னால் சென்னையில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் போடும் வேலை பார்த்தவர். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. வேதாந்தத்தில் சந்தேகம் வந்தால் பெரிய மடங்களுக்குப் போகலாம். இந்தச் சந்தேகத்துக்கு ஊரிலேயே சரியான ஆள் இவர்தான்.

"விவரமாச் சொல்லுங்க."

சொன்னார்.

மகள் கோமதிக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பையன். பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைவது லேசில் நடக்கிற காரியமா?

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போக்கர் ஆட உட்காருவார்கள். பையன் பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்து வீட்டுக்கே பரப்பிவிட்டிருந்தான். காசு பேச்சே கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் சோழி. கடைசியில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் எல்லோருக்கும் அல்வா வாங்கித் தர வேண்டும். நீங்களும் வாங்களேன் என்று அம்பலவாணனையும் அழைத்தார்கள்.

"போனேன் சாமி. அஞ்சு பேரு ஆடுதோம். ஒருத்தரு மட்டும் சீட்டுப் போடுதாரு. ஆடவும் இல்ல, பேசவும் இல்ல. அவரு இன்னாருன்னு யாரும் எனக்குச் சொல்லவும் இல்ல."

"கை எப்படி?"

அம்பலவாணனுக்கு வந்த துக்கமே மறந்துபோயிற்று.

"மணிலாவுல பாத்திருக்கேன், மக்காவ்ல பாத்திருக்கேன். அப்படி ஒரு கைய எங்கயும் பாத்ததில்ல. சீட்டு மேசையில விழுத சத்தமே கேக்கல. ஆளுக்கு முன்னால அளந்து வச்ச மாதிரி வந்து உக்காருது. நான் என் சீட்டைப் பாக்காம அவரு கையையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"சரி. இனாம்?"

"மூணாவது ஆட்டம் நான் ஜெயிச்சேன். நாப்பது சோழி. அந்த ஊர்ச் சீட்டுக் கிளப்புகள்ல ஒரு மரியாதை உண்டு சாமி. ஜெயிச்சவன் வாரிச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருக்கப்படாது. சீட்டுப் போட்டவரு பக்கமா ஒண்ணைத் தள்ளணும். தள்ளினேன்."

"அவரு என்ன செஞ்சாரு?"

"எடுத்தாரு. உள்ளங்கையில வச்சுப் பாத்தாரு. சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு."

"பிறகு?"

"பிறகு பையனோட அப்பா எந்திரிச்சுட்டாரு. 'ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அவரு பையனோட தாய்மாமன்லா'ன்னுட்டாரு."

சாமி ஒரு அழைப்பிதழை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

தாய்மாமன் என்றால் சும்மாவா? அந்த வீட்டில் யாருக்குக் காது குத்தினாலும் உட்கார வைக்கிற மடி அவருடையது. எந்த விசேஷத்திலும் முதல் மாலை அவருக்கு. அவர் தலையசைக்காமல் தாலிக்குப் பொன் உருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் நம் இஞ்சினியர் ஓட்டல் சர்வருக்கு வைப்பதைப் போல ஒரு சோழியைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்.

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவையா? ஏழெட்டுத் தடவை. கையெடுத்துக் கும்பிட்டு, அந்தச் சோழியக் கொடுத்திருங்க, கொடுத்திருங்கன்னு கெஞ்சித் திருப்பி வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன்."

"கொடுத்தாரா?"

"ஒரு வார்த்தை பேசாம எடுத்துக் கொடுத்தாரு. மிச்ச ஆட்டத்துக்கும் அவருதான் போட்டாரு. ஆனா அதுக்குப் பிறகு சீட்டு விழுத சத்தம் கேட்டுச்சு."

"ம்."

"பதினஞ்சு நாளாச்சு. அங்கேருந்து ஒரு போன் இல்ல. ஆள் விட்டுக் கேட்டா, மாமா வாயத் திறக்க மாட்டேங்காரு, நாங்க என்ன செய்யன்னு கேக்காங்க. வீட்ல சிவகாமி எனக்குச் சோறு போடுதா, பேச்சு மட்டும் கிடையாது. அதுகூடப் பரவால்ல. கோமதி, பாவம், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆபீஸ் போயிட்டு வாரா. அவ ரெண்டு வார்த்தை திட்டினாக்கூட நல்லாருக்கும். என்னால தாங்க முடியல சாமி."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பட்டு வேட்டி எடுத்து வச்சிருக்கேன். தட்டுல பழம், வெத்திலையோட கொண்டுபோய்க் கொடுத்துட்டு மன்னிப்புக் கேக்கலாமா? அவரு என்னைவிட வயசுல சின்னவரு. கால்ல விழுந்தா நல்லாருக்காது. வேட்டி போதுமா? நீங்க அந்தத் தொழில்ல இருந்தவங்க, நீங்கதான் சொல்லணும்."

சாமி அழைப்பிதழ்களைக் கையில் எடுத்தார். எட்டுத் தெருவுக்கு எட்டு அடுக்காகப் பிரிக்க வேண்டும்.

பிரிக்க ஆரம்பித்தார்.

அம்பலவாணன் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு நொடியில் அவர் முதுகு நிமிர்ந்தது. அழைப்பிதழ்கள் சாமியின் விரலை விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய் அதது இடத்தில் உட்கார்ந்தன. சாமி அடுக்குகளின் பக்கம் பார்க்கவே இல்லை. பார்வை வாசலில் இருந்தது. ஒரு அழைப்பிதழும் இன்னொன்றின் மேல் கோணலாக விழவில்லை.

"அடேயப்பா! என்ன கை சாமி!"

சாமி நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"என்ன கைன்னேன். இன்னைக்கெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

சாமியின் முகம் மலர்ந்தது. காது வரைக்கும் சிரித்தார்.

"காவி கட்டின நாள்லேருந்து இதை ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்ல."

"மெய்யாத்தான் சொல்லுதேன் சாமி."

சாமி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் யாரு, இஞ்சினியரே?"

"இதென்ன கேள்வி? சாமி."

"இந்த மடத்துக்கு?"

"தலைவரு."

"வாரவங்க எல்லாம் என்ன செய்யுதாங்க?"

"கால்ல விழுதாங்க."

"அப்படிப்பட்ட என்னைப் போயி, சீட்டுக் கிளப்புல வேலை பாக்கவனைச் சொல்லுத மாதிரி கை நல்லாருக்குன்னுட்டீங்களே?"

அம்பலவாணனுக்கு வியர்த்துவிட்டது. பதினைந்து நாளில் இது இரண்டாவது தடவை. என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"தப்புத்தான் சாமி. மன்னிக்கணும்."

"மன்னிச்சாச்சு. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கோங்க."

சாமி கையை நீட்டினார். வெறும் கைதான். ஆனால் அதில் ஏதோ இருப்பதைப் போலத்தான் நீட்டினார்.

"எப்படி சாமி திருப்பி வாங்க? நல்லாருந்துச்சு, சொன்னேன். நீங்க தலைவருங்கதுக்காக அது நல்லா இல்லன்னு..."

பாதியில் நின்றுவிட்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சற்றுமுன் காது வரைக்கும் போன சிரிப்பு சாமி முகத்தில் இப்போது இல்லை. அம்பலவாணன் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இதே முகத்தை அவர் பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு மேசைக்கு அந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறார்.

எழுந்துவிட்டார்.

"வேட்டி?" என்றார் சாமி.

"அதுவும் கூட இருக்கட்டும் சாமி."

கப்பலில் இருந்தவர் அல்லவா? மிதவை இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டார்.

*

தாய்மாமன் குற்றாலிங்கத்துக்குத் தெற்கு பஜாரில் உரக்கடை. அம்பலவாணன் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. பழம், வெற்றிலை, பட்டு வேட்டியோடு தட்டைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

குற்றாலிங்கம் எழுந்து கும்பிட்டார். நாற்காலி போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, சிரிப்புத்தான் இல்லை.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்குன்னா? பையனோட மாமனுக்கா?"

அம்பலவாணன் தட்டை எடுத்து உர மூட்டையின் மேல் ஓரமாக வைத்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு அந்தச் சோழியை எடுத்துப் கல்லா மேசையின் மேல் வைத்து, இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

"இது?"

"மூணாவது ஆட்டத்துக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உலகம் பூரா சுத்தினவன் நான். இப்படி ஒரு கைய எங்கயும் பாத்ததில்ல."

குற்றாலிங்கம் சோழியைத் தொடவில்லை.

"மாமனுக்குன்னு வந்த வேட்டி வீட்ல பீரோ நிறையக் கெடக்கு, அண்ணாச்சி. மாலைக்குக் கணக்கே கிடையாது. அக்காவுக்குத் தம்பியாப் பொறந்தேன். அது ஒண்ணுதான் நான் செஞ்சது."

"ம்."

"சீட்டுக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். நான் யாருன்னு தெரிஞ்சதும் அதையும் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டீங்க."

ஏழெட்டுத் தடவை கேட்ட மன்னிப்பு அன்றைக்கு ஏன் எடுபடவில்லை என்பது அம்பலவாணனுக்கு நன்றாகப் புரிந்தது. இப்போது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

குற்றாலிங்கம் சோழியை எடுத்தார். சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டி வைத்துக்கொண்டார். பிறகு மேசை டிராயரைத் திறந்து, பில் புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார். கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

பார்க்கப் பார்க்க அம்பலவாணனுக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப... நம்ம சம்பந்தம்?"

"அதை மாமன்கிட்டல்லா கேக்கணும்? அவரு நாளைக்குக் காலையில பூவும் தட்டுமா உங்க வீட்டுக்கு வாராரு."

குற்றாலிங்கம் சீட்டுக்கட்டை அவர் முன்னால் வைத்தார்.

"இப்ப இங்க சீட்டுப் போடுதவன்தான் இருக்கான். வெட்டுங்க, அண்ணாச்சி."