காற்றடித்துக் கொடுத்த திருட்டு

மந்தாரங்குளத்து முதியோர் கல்வி வகுப்பில் கரும்பலகை உண்டு, பெஞ்சு உண்டு, மின்விசிறிகூட உண்டு. புத்தி மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே மரகதவல்லி டீச்சர் ஒரு நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். மாடு திருடிய தம்பியை அண்ணன்காரன் ஒளித்துவைத்திருக்கிறான். வாசலில் போலீஸ் நிற்கிறது. அந்த இடத்தில் டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"காட்டிக்கொடுத்தா தம்பி ஜெயிலுக்குப் போவான். மறைச்சா சட்டப்படி குற்றம். உங்க வீட்டுல இப்படி நடந்தா என்ன செய்வீங்க? நாளைக்கு வந்து சொல்லுங்க."

முன்பெஞ்சில் இருந்த ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தில் அவன் தம்பி பூவலிங்கம். அம்மா சாகும்போது இவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன ஒரே தம்பி.

மறுநாள் காலையில், கூடப் படிக்கும் பக்கத்து வீட்டு இசக்கிமுத்துவையும் வைத்துக்கொண்டு ஆலோசனை நடந்தது.

"நம்ம வீட்டுல நடந்தாத்தானே என்ன செய்வோம்னு சொல்ல முடியும்?" என்றான் ஆவுடையப்பன்.

"நியாயந்தான். அப்போ நான் திருடணும்," என்றான் பூவலிங்கம்.

"அடுத்தவன் வீட்டுல திருடினா பாவம்லே. என் சைக்கிளத் திருடு."

பாசம் என்றால் அப்படி ஒரு பாசம். தம்பி வழியில் சிரமப்படக் கூடாதென்று ஆவுடையப்பனே டயருக்குக் காற்றடித்து, சாவியையும் கொடுத்தான். பூவலிங்கம் அதைத் திருடி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சைக்கிளை வழக்கமான இடத்திலேயே சாத்தினான். பிறகு பந்திக்குச் சோறு வடிக்கிற பெரிய அண்டாவைக் கவிழ்த்து அதற்குள் ஒளிந்துகொண்டான்.

"சொந்தத்துக்கு ஆள் ஆச்சு. இனி சட்டத்துக்கு ஒரு ஆள் வேணும்," என்று சொல்லி இசக்கிமுத்து ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டையாவைக் கூட்டிவந்தான்.

அதுவரைக்கும் ஆவுடையப்பன், "எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவன். ஏட்டையா வந்து அண்டாமேல் உட்கார்ந்தபோது, அவனுக்கு உண்மையிலேயே தெரியாமல் போயிருந்தது.

"உன் தம்பி எங்க?"

"எனக்குத் தெரியாது."

ஏட்டையா அவன் கண்ணை உற்றுப் பார்த்தார். பொய் இல்லை.

"கூடப் பிறந்தவன் எங்கன்னு தெரியாம இங்க என்னலே செய்யுத? போய்த் தேட வேண்டாமா?"

ஆவுடையப்பனுக்குப் பகீரென்றது. "தம்பியைக் காணோமே, அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்," என்று தரையில் உட்கார்ந்து அழுதான். எனக்கே பாவமாக இருந்தது.

அண்டா லேசாக ஆடியது. "ஏட்டையா, கொஞ்சம் எந்திரிங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் எழுந்தார். பூவலிங்கம் வெளியே வந்தான்.

"யாரண்ணே காணோம்?"

"உன்னத்தான்லே."

பூவலிங்கத்துக்கும் கண் கலங்கிவிட்டது. "அழாதண்ணே. நானும் வந்து தேடுறேன்."

ஏட்டையாவும் மந்தாரங்குளத்துக்காரர்தான் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாலு பேருமாகக் குளத்தங்கரை, தென்னந்தோப்பு, பஸ் ஸ்டாண்டு என்று அலைந்தார்கள். "பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்கலே," என்றார் ஏட்டையா. தொண்டை வற்றக் கூப்பிட்டவன் பூவலிங்கம்தான்.

சாயங்காலம் டீச்சர் வருகைப்பதிவு எடுத்தார்.

"பூவலிங்கம்?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பூவலிங்கம் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தலைமறைவா இருக்கான் டீச்சர். கிடைச்சாலும் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். எங்கண்ணனுக்கு அவன் ஒரே தம்பி."