பின்னால் நின்றவர்

சங்ககிரி வையாபுரிக்குப் பன்னிரண்டு லாரி. மனசு மட்டும் சைக்கிள் கேரியர் அளவு. பிரீமியம் ஏறிவிடும் என்று கிளீனர்கள் ஒருவரையும் அவர் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டில் சேர்க்கவில்லை. கிளீனர் எல்லப்பனுக்கு அவர் வண்டிச் சக்கரத்தில் ஒரு கால் போனது. விசாரிக்கத் தொழிலாளர் அதிகாரி லாரி ஷெட்டுக்கே வந்தார்.

“என் வண்டிக்கு டிரைவர் ஒருத்தர் போதும் சார். கிளீனர்னு யாரும் கிடையாது. இவன் யாரோ, குறுக்க வந்து விழுந்தவன்” என்று வையாபுரி அடித்துச் சொன்னார்.

ஊன்றுகோலோடு நின்ற எல்லப்பன் சண்டைக்குப் போகவில்லை. “சரிங்க மொதலாளி. அந்த லோடு வண்டிய ரிவர்ஸ்ல வெளிய எடுக்கச் சொல்லுங்க. அய்யா பாக்கட்டும்.”

“அதுக்கென்ன?” வையாபுரி கை காட்டினார். டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார், வண்டி நகரவில்லை. பின்னால் ஆள் நின்று தட்டிக் குரல் கொடுக்காமல் அவர் ஒருநாளும் ரிவர்ஸ் எடுத்ததில்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பொறுக்க மாட்டாமல் வையாபுரியே பின்னால் ஓடி, வண்டியின் பின்பலகையைத் தட்டி, “வரட்டும்... வரட்டும்...” என்று கத்தினார்.

எல்லப்பன் அதிகாரியிடம் திரும்பினார். “எழுதிக்குங்க அய்யா. மொதலாளி இப்ப நிக்கிறாரே, அங்கதான் நான் பதினோரு வருசம் நின்னேன். என் காலு போனதும் அங்கதான்.”

வையாபுரி சட்டென்று தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.