கட்டுக்குப் பிறகு

இளவழகன் கடைசியாக மாசிலாமணியை உயிரோடு பார்த்தபோது, அவர் பிணமாகப் படுத்திருந்தார்.

புதிய தொடரின் முதல் பகுதி. குடும்பத் தலைவரின் சாவில் கதை தொடங்குகிறது. மாசிலாமணி அந்தத் தலைவராக நடித்தார். இளவழகன் இயக்குநர்.

அடுத்த வாரம் மாசிலாமணி உண்மையிலேயே இறந்துபோனார். தூக்கத்தில்.

இளவழகன் படத்தொகுப்பாளர் ரெஜினாவைத் தேடி அவருடைய எடிட்டிங் அறைக்கு வந்தார். அதே அறையில்தான் ஒரு காலத்தில் அவரிடம் தொழில் கற்றார்.

“அக்கா, ஒரு சிரிப்பு வேணும்.”

“யார் சிரிப்பு?”

“மாசிலாமணி அண்ணன் சிரிப்பு.”

ரெஜினா நாற்காலியைத் திருப்பினார்.

“அவர் சம்சாரம் சௌந்தரம்மா போன் பண்ணினாங்க. சாவு சீன் முடிஞ்சதும் அவர் எழுந்து சிரிச்சாரான்னு கேக்கறாங்க. சிரிச்சிருந்தா போடுங்க, இல்லேன்னா என் வீட்டுக்காரரைப் பொணமாக் காட்டாதீங்கன்னுட்டாங்க.”

பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். படுத்தபடியே விட்டுவிட்டால் ஆகாது என்பது படப்பிடிப்புத் தளங்களின் வழக்கம். அந்தச் சிரிப்பு திரையில் வராது. ஆனாலும் யாரும் எடுக்காமல் விடுவதில்லை.

“எடுத்தியா?”

“இல்லக்கா. ஷூட்டிங் வீட்டுக்காரர் ஆறு மணிக்குக் காலி பண்ணுன்னு நிக்கறார். மழை வேற. ஜெனரேட்டர் நின்னு நின்னு போகுது. கட் சொன்னதும் ஆளாளுக்குச் சாமானைத் தூக்கிட்டு ஓடினோம்.”

“சரி.”

“பிளாஷ்பேக் கல்யாணத்துல அண்ணன் நல்லா சிரிப்பார். க்ளோசப். பின்னால வெறும் சுவர்தான். அதை வெட்டிக் குடுங்க, அனுப்பிடறேன். பாவம், அந்தம்மா நிம்மதியா இருக்கட்டும்.”

“அந்தம்மாவா, நீயா?”

இளவழகன் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. தயாரிப்பாளர்.

“யோவ், திங்கட்கிழமை ஒளிபரப்பு! சேனல்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். பொணத்தைக் காட்டாதேன்னா எப்படிய்யா? பொணம் இல்லாம என்ன சாவு வீடு?”

“பேசி முடிச்சிடறேன் சார்.”

ரெஜினா சாவுக் காட்சியை ஓடவிட்டார். பெண்கள் அழுதார்கள். இளவழகனின் குரல் “கட்” என்றது. திரை இருண்டது.

இளவழகன் எழுந்தார். “பாத்தீங்களா, அவ்வளவுதான்.”

“உக்காரு.”

படம் நின்றாலும் ஒலி நிற்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள். பெட்டிகள் இழுபடும் சத்தம். பிறகு மாசிலாமணி.

“ஏம்ப்பா, நான் சிரிக்க வேணாமா?”

“நாளைக்கு எடுத்துக்கலாம்ண்ணே.” இளவழகனின் குரல்.

“நாளைக்கு நான் எதுக்குடா வரணும்? செத்தவனுக்கு ஏது கால்ஷீட்?”

யாரோ சிரித்தார்கள்.

“சரி, போங்க போங்க. நான் வீட்டுல போய்ச் சிரிச்சுக்கறேன்.”

இருட்டுத் திரையையே இளவழகன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எப்படிக்கா அவங்ககிட்ட சொல்றது?”

ரெஜினா போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“சொல்லாத. கேளு.”

இளவழகனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு எண்ணை அழுத்தினார்.

“சௌந்தரம்மா, நான் இளவழகன். அந்தச் சிரிப்பை நாங்க எடுக்கலம்மா. நேரமில்லேன்னு விட்டுட்டேன்.”

இளவழகன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“வீட்டுல போய்ச் சிரிச்சுக்கறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். அன்னிக்கு வந்து... சிரிச்சாராம்மா?”

சௌந்தரத்தின் குரல் வந்தது.

“கதவைத் திறக்கறேன், நெத்தியில ஒத்த ரூபாயோட நிக்கறார். பொணத்துக்கு ஒட்டுவீங்களே, அதேதான். ஆட்டோல அவ்வளவு தூரம் அப்படியே வந்திருக்கார், ஆட்டோக்காரனும் ஒண்ணும் சொல்லல. என்னங்க, பாதியில எழுந்து வந்துட்டீங்களான்னு கேட்டேன்.”

“அதுக்கு அவர்?”

“நெத்தியத் தொட்டுப் பாத்தார். அவ்வளவுதான். கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். நிக்க முடியாமச் சிரிச்சார் தம்பி.”

சௌந்தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“போடுங்க. நானும் பாக்கறேன்.”

தொடர் திங்கட்கிழமை தொடங்கியது.

அந்த ஒற்றை ரூபாயைக் கம்பெனியில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது சௌந்தரத்தின் வீட்டில் இருக்கிறது.