அப்பா கொடுத்த ரத்தம் மகளுக்கும் சேருமா?

டாக்டர் மங்கையர்க்கரசி ஒரு பிடிவாதக்காரி என்று அவளோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வீங்கி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துவிடும். அதற்குக் காரணமான மரபணுப் பழுதைத் தேடுவது அவள் வேலை. இரண்டு அண்ணன்மாரை நாற்பது வயதுக்குள் பறிகொடுத்த நெல்லைச் சீமைக்காரர் சுடலைமுத்து அவளிடம் ரத்தம் கொடுத்தார். "முடிவு எதுவானாலும் என்னோட போவட்டும். வேற யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். சரியென்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சோதித்ததில் அவருக்கு அந்தப் பழுது இருந்தது. பெற்ற பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்பே தெரிந்தால் மருந்து உண்டு, அறுவை சிகிச்சை உண்டு. பழுதுள்ள பெண் அது தெரியாமல் பிள்ளை உண்டானால் அவள் உயிருக்கே ஆபத்து. அவருடைய ஒரே மகள் இசக்கிக்கோ அடுத்த மாதம் அத்தை மகனோடு கல்யாணம். விஷயம் கசிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மனிதர் வாயே திறக்கவில்லை.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்த இசக்கியிடம், "நீயும் ரத்தம் கொடும்மா" என்றாள் மங்கையர்க்கரசி.

"எங்கப்பா கொடுத்தாச்சுல்லா மேடம்? வீட்டுல மூத்தவங்க கொடுத்தா எல்லாரும் கொடுத்த மாதிரிதான?"

நிலப் பத்திரமோ சம்பந்தமோ, அந்த வீட்டில் மூத்தவர் ஒப்புக்கொண்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ரத்தத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

"பத்திரத்துக்கு அது சரி. உன் உடம்புக்கு நீதான் வரணும்."

"அப்பாவுக்கு ஏதும் இருக்கா மேடம்?"

"அதை அவர்கிட்ட கேளு. நான் எல்லா வீட்டுலயும் எல்லார்கிட்டயும்தான் ரத்தம் கேக்கறேன்."

இசக்கி கையை நீட்டினாள்.

மறுநாளே சுடலைமுத்து கொதித்துக்கொண்டு வந்தார். "வாக்கு மாறிட்டீங்களே! அவளுக்கு இருந்தா, எனக்கும் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்லா!"

ஆராய்ச்சி நிலையத்தின் நெறிமுறைக் குழுத் தலைவரும் அவர் பக்கம் சாய்ந்தார். "தகப்பனார் சம்மதிக்கிறவரை அந்த ரத்தத்தைத் தொடாதீங்க. மீறினா உங்க ஆராய்ச்சியை நிறுத்திடுவோம்."

"நிறுத்துங்க. இருபத்துநாலு வயசுப் பொண்ணோட ரத்தத்துக்கு அவ சம்மதம் போதும்."

சொன்னபடியே பரிசோதித்தாள். முடிவை இசக்கியின் கையில் மட்டும் கொடுத்தாள்.

மங்கையர்க்கரசி வாக்குத் தவறினாளா? தகப்பன், தலைவர், டாக்டர், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் செய்ததே சரி. தன் ரத்தத்தைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல சுடலைமுத்துவுக்கு உரிமை உண்டு. மகளே கேட்டும் அந்த வாக்கை டாக்டர் காத்தாள். மகளின் ரத்தத்துக்கும் சேர்த்துப் பூட்டுப் போட அவர் யார்? தலைவருக்கு வழக்கு வந்துவிடுமோ என்ற பயம், அதற்கு நெறி என்று பெயர் வைத்துக்கொண்டார். இசக்கிக்கும் பழுது இருந்தது. அவள் அழவில்லை, ஒளிக்கவும் இல்லை. நேராக அத்தை மகனிடம் போய்க் காகிதத்தை நீட்டினாள். "எனக்கு இது இருக்கு. மருந்தும் இருக்கு. நீயும் எங்க வம்சத்துல பொறந்தவ பெத்த பிள்ளைதான? முதல்ல போய் ரத்தம் கொடுத்துட்டு வா. பொறவு தாலியப் பத்திப் பேசலாம்."