ஆட்டோவில் வந்த ஓட்டு

செண்பகவல்லியைத் தன் வாடகை வீட்டிலிருந்து துரத்திய வெயிலுமுத்து, அவள் ஓட்டையும் துரத்தப் பார்த்தார். இது என்ன நியாயம்? வேறு வார்டுக்குக் குடிபோனவள் முகவரியை மாற்றவில்லை. பழைய பட்டியலில்தான் பெயர் இருந்தது.

வாக்குச்சாவடியில் வேட்பாளர் வெயிலுமுத்து துள்ளினார். "சார், இவ இங்க குடியில்லை. விடாதீங்க!"

"உண்மையாம்மா?" என்றார் அதிகாரி.

"உண்மைதான் சார். இவுகதான் காலி பண்ண வச்சாக. நேத்து என் புது வீட்டைத் தேடி வந்து, 'உன் பேர் இன்னும் நம்ம வார்டுலதான் இருக்கு தாயி, ஆட்டோ அனுப்புறேன்'னு கும்பிட்டதும் இவுகதான். அந்த ஆட்டோலதான் வந்தேன்."

வரிசையே சிரித்தது. அதிகாரி வெயிலுமுத்துவை முறைத்துவிட்டு மைப் புட்டியைத் திறந்தார்.

செண்பகவல்லி விரலை நீட்டியபடி வெயிலுமுத்து பக்கம் திரும்பினாள். "வழியில டிரைவர் கேட்டான், யாருக்கு ஓட்டுன்னு. உங்களுக்கு இல்லைன்னேன். அப்பத்தான் நான் வீடு மாறினேனா, அண்ணாச்சி?"