கரடி ஓதிய வேதமும் கழுதை கேட்ட வேதமும்

ஏழுமுடி மலையின் அடிவாரக் காட்டில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. அந்தக் காட்டு விலங்குகளெல்லாம் ஒரு காலத்தில் ராஜாவின் கூண்டுகளில் அடைபட்டுக் கிடந்தவை. ஒருநாள் தப்பி ஓடி வந்தன. வந்த ஐம்பதாம் நாள் மலை உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் சொன்ன சொற்கள்தான் அவற்றுக்கு வேதம்.

அன்று முதல் ஆண்டுதோறும் தப்பித்த நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணுவார்கள். ஐம்பதாம் நாள் குளக்கரையில் விழா. எருமை கொம்பாயி பால் தருவாள், பாயசம் கொதிக்கும். பாறைக்குப் பச்சைத் தழை கட்டுவார்கள். வேதம் ஓதுவது தேனப்பன். எட்டு வருடமாக வேறு யாரையும் அது பக்கத்தில் விட்டதில்லை.

தேனப்பனுக்குத் தன் குரல்மேல் கொள்ளை ஆசை. ஒரு வரியை நாலு ராகத்தில் இழுக்கும். “ஓதி முடியும்வரை யாரும் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது!” என்று ஒரு சட்டமும் போட்டிருந்தது. அது மலை சொன்னதல்ல, கரடி சொன்னது.

அந்த வருடம் கோடை கொளுத்தியது. குளம் வற்றி, நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. தேனப்பன் தொண்டையைச் செருமி ஆரம்பிக்கவும், புதர் விலகியது. ஒரு கழுதை தள்ளாடி வந்து நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு, முதுகெல்லாம் செங்கல் தூசி.

“அய்யா, சூளையிலேர்ந்து தப்பிச்சு வர்றேன். ரெண்டு நாளா நாக்குல சொட்டுத் தண்ணி படல. உசுரு போயிரும்போல இருக்கு!”

“ஓதுற நேரத்துல குறுக்கே வராதே!” என்று சீறியது தேனப்பன். “அப்படி ஓரமா நில்லு!”

கழுதை நகர்ந்து பள்ளத்தின் ஓரமாக நின்றது. கால்கள் நடுங்கின. தேனப்பன் ராகம் போட்டு ஓதியது:

“கூண்டிலிருந்து தப்பி வருகிறவனுக்கு வழி விடு! நீயும் கூண்டிலிருந்து வந்தவனே!”

கழுதை காதைத் தூக்கியது. “அய்யா, இது யாருக்குச் சொன்னது?”

“எங்களுக்கு! வாயை மூடு!”

கொம்பாயி முனகினாள். “தேனப்பா, அவன் நிக்கிற நிலையைப் பாரு...”

“விழா முடியட்டும் கொம்பாயி! முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எடுத்தது. “தளர்ந்தவர் குடித்தபின் பலமுள்ளவர் குடிக்கட்டும்!” இந்த வரியைத்தான் அது ரொம்ப நேரம் இழுத்தது.

ஒரு வழியாக ஓதல் முடிந்தது. “குடிக்கலாம்!” என்றது கரடி. அவ்வளவுதான்! மானும் பன்றியும் குரங்கும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு பள்ளத்துக்குப் பாய்ந்தன. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு தேனப்பன் ஓடியது. அதன் முழங்கை பட்டு, கிழட்டு ஆமை மல்லாந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓரத்தில் நின்ற கழுதைதான் தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. குனிந்தது. உதட்டுக்கும் நீருக்கும் ஒரு சாண் இடைவெளி. அப்போதுதான் ஆமை கண்ணில் பட்டது. கழுதை நிமிர்ந்தது. மூக்கால் ஆமையைப் புரட்டி, பள்ளத்தருகே நகர்த்திவிட்டு, கூட்டத்துக்குக் குறுக்கே நின்றுகொண்டது.

“ஆமையம்மா முதல்ல குடிக்கட்டும்!”

“நேத்துப் பெஞ்ச மழையில இன்னைக்கு முளைச்ச காளான் நீ! எங்க குளத்துல எங்களையே மறிக்கிறியா?” என்று உறுமியது தேனப்பன்.

“நீங்கதானே அய்யா இப்ப ஓதினீங்க!” கழுதையின் குரல் கரகரத்தது. “இந்த மாதிரிச் சொல்லை நான் பொறந்ததுலேர்ந்து கேட்டதில்ல. கேட்டதும் சரின்னு பட்டுச்சு. அதான் செய்யுறேன். ஏன், சும்மா பாடுறதுக்குத்தான் வச்சிருக்கீங்களா?”

சொல்லி முடிப்பதற்குள் கழுதையின் முன்னங்கால்கள் மடங்கின. பக்கவாட்டில் சாய்ந்தது. கண்கள் செருகின.

தேனப்பனுக்குச் சுருக்கென்றது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் நம் கரடி அவமானத்தில் உட்கார்ந்து அழுகிற சாதியல்ல! பாறையில் கட்டியிருந்த தழையிலிருந்து ஒரு பெரிய தேக்கிலையைப் பிய்த்தது. தொன்னையாக மடித்துத் தண்ணீரை அள்ளி, கழுதையின் வாயில் சிறுகச் சிறுக ஊற்றியது. ஒரு தொன்னை, இரண்டு, ஐந்து. கழுதை கண்ணைத் திறந்தது.

தேனப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. “ஆமை குடிச்சாச்சு. அடுத்து முயல்குட்டிங்க! அப்புறம் சினை மான்! பன்றி, பின்னால போ! நான் கடைசி!”

விலங்குகள் மறு பேச்சில்லாமல் வரிசையில் நின்றன. பள்ளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

கொம்பாயி சிரித்தாள். “என்ன தேனப்பா, எட்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் வேதம் வந்துச்சா?”

“அது அன்னைக்கே வந்திருச்சு கொம்பாயி,” என்றது கரடி. “இவ்வளவு நாளா நான்தான் கை நீட்டி வாங்கிக்கல!”

யூதர்கள் ஏழு வாரம் எண்ணி, பால் பலகாரம் செய்து, வேதம் பெற்ற நாளை ‘ஷாவுவோத்’ என்று கொண்டாடுவதன் பொருளும் இதுதான்: வேதம் தரப்பட்டது ஒருமுறை, அதை வாழ்ந்து பெற்றுக்கொள்ள வேண்டியது தினந்தோறும்.